சூடு ஏறாத கால்

குன்னூரில் யாருடைய காலும் சூடாக இருப்பதில்லை. மழை மாதங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து என் கணவரின் பாதத்தைத் தொட்டால், ஃபிரிட்ஜில் வைத்த சுரைக்காயைத் தொட்ட மாதிரி இருக்கும். என் பாதமும் அப்படித்தான். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த புதிதில், தூக்கத்தில் அவர் கால் என்மேல் பட்டு அலறி எழுந்திருக்கிறேன். பிறகு என் காலும் அவர் காலைப் போலவே ஆகிவிட்டது, அலறுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. இங்கே சாக்ஸ் என்பது இரண்டாவது தோல். குளிக்கும்போது கழற்றுவோம், துவட்டியதும் மாட்டிக்கொள்வோம். படுக்கையிலும் அது காலில்தான் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வலது கால் போகப் பார்த்தது இந்தப் பழக்கத்தால்தான்.

நான் இங்கே ராணுவத் தளவாட ஃபேக்டரி ஒன்றில், ஸ்டோர்ஸ் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு போல்ட் கேட்டு வருகிறவனைக்கூட நாலு கேள்வி கேட்காமல் அனுப்பியதில்லை. என் கணவர் குந்தாவில் பவர் ஹவுஸ் ஆபரேட்டராக இருந்தவர். பேச்சில் அவர் கஞ்சன், நான் தாராளம். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். வீட்டில் எந்த முடிவையும் எடுப்பது நான், அதற்குத் தலையாட்டுவது அவர் என்பது எங்களுக்குள் எழுதப்படாத ஒப்பந்தம். அவருக்கு அதில் குறை இருந்ததாக எனக்குத் தோன்றியதே இல்லை.

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. பால் வாங்கப் படி ஏற வேண்டும், குப்பை போடப் படி இறங்க வேண்டும். மலையில் சமதரையைப் பார்க்க வேண்டுமென்றால் கல்யாண மண்டபத்துக்குத்தான் போக வேண்டும். இந்தப் படிகள் என் இரண்டு முட்டிகளையும் தேய்த்துவிட்டன. வலது முட்டி ரொம்ப மோசம். இறங்கும்போது உள்ளே எலும்பும் எலும்பும் உரசுகிற சத்தம் எனக்கே கேட்கும். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர் முட்டியை மாற்ற வேண்டும் என்றார். எப்போது என்று கேட்டேன். அவர் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துவிட்டேன் என்றேன்.

பக்கத்து வீட்டம்மா மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். "நடக்கத்தானுங்க முடியுது. வேலில போற ஓணானைப் புடிச்சு எதுக்குங்க மடில உட்டுக்கறீங்க?" என்றார். அவருக்கும் முட்டி தேய்ந்திருந்தது. நான் போய் மாற்றிக்கொண்டு வந்து நடந்து காட்டுகிறேன், பிறகு நீங்களும் வரிசையில் நிற்பீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிசியோதெரபி சொல்லித்தருகிற பெண், "இந்த வயசுல இவ்வளவு தைரியமா நிக்கறவங்க கம்மிங்கம்மா" என்றாள். அதை என் கணவர் காதில் விழும்படி இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். முட்டி மாற்றிய பிறகு சிலருக்குக் காலின் ரத்தக்குழாயில், அதாவது ரத்தம் மேலே திரும்பிப் போகிற சிரையில், ரத்தம் உறைந்துவிடலாம். அப்படி ஆனால் கெண்டைக்கால் வீங்கும், சிவக்கும். அதைத் தடுக்க மாத்திரை தந்திருக்கிறேன், வீக்கம் தெரிந்தால் உடனே போன் செய்யுங்கள் என்றார். அந்த 'வீக்கம்' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நாங்கள் மலை ஏறினோம்.

வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. எங்களுக்கு உதவியாக, கோத்தகிரிக்குக் கீழே இருக்கிற அரவேணுவிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள், என் கணவரின் தங்கை. அங்கே கொஞ்சம் தேயிலையும் இரண்டு மாடும் வைத்திருப்பவள். அவற்றை மகனிடம் விட்டுவிட்டு வந்தாள். வந்ததும் வராததுமாக என் இரண்டு காலிலும் கம்பளி சாக்ஸை மாட்டி, வலது காலுக்கு மட்டும் அதன்மேல் இன்னொன்றும் போட்டாள். "ஆபரேசன் பண்ணுன காலுங்க அண்ணி, குளிரு தாக்கப்படாது" என்றாள். தையல் நனையக் கூடாது என்று குளியலும் இல்லாததால் அந்த சாக்ஸ் கழலவே இல்லை. ராத்திரி படுக்கும்போது வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் குதிகாலுக்குக் கீழே வைத்தாள். அத்தனை அன்பாகப் பார்த்துக்கொண்டாள். அவள்மேல் எனக்கு அப்போதும் கோபமில்லை, இப்போதும் இல்லை.

காலையும் மாலையும் வீக்கம் பார்க்கும் சடங்கு நடந்தது. நாத்தனார் தையல் டேப்பைப் பைஜாமாவின் மேலேயே கெண்டைக்காலில் சுற்றுவாள். என் கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படிப்பார். பிறகு நிமிர்ந்து, பவர் ஹவுஸ் கன்ட்ரோல் ரூமில் அறிவிப்பதுபோல, "வீக்கம் இல்ல" என்பார். அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் எங்கள் மூவருக்கும் காப்பி குடிக்கும் தெம்பு வந்துவிடும்.

வேறு சில விஷயங்கள் இருக்கத்தான் செய்தன. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போவதற்குள் கெண்டைக்கால் இறுகி, நின்று நின்று போக வேண்டியிருந்தது. உடற்பயிற்சி செய்வதால் சதை வலிக்கிறது என்று வைத்துக்கொண்டேன். விரல்கள் மரத்துப் போயிருந்தன. தையலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மரத்திருக்கும், அது வழக்கம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வழக்கத்தை நானே முட்டியிலிருந்து கட்டைவிரல் வரை நீட்டிக்கொண்டேன். படுத்தால் பாதத்தில் ஒரு கடுப்பு வரும், காலைக் கட்டிலிலிருந்து தொங்கப்போட்டால் கொஞ்சம் குறையும். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். காரணம் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்து விசாரிப்பாள். என் கணவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசுவார்.

"அம்மாவுக்குக் காய்ச்சல் இருக்குங்களா சார்?"

"இல்லீங்க."

"கெண்டைக்கால் வீக்கம்?"

"வீக்கம் இல்லீங்க," என்றார், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

"பாதம் எப்படி இருக்குங்க? வெதுவெதுன்னு இருக்குங்களா, ஜில்லுனு இருக்குங்களா?"

"ஜில்லுனுதானுங்க இருக்கும். இங்க எல்லாருக்கும் அப்பிடித்தான். நீங்க ஒருக்கா மேல வாங்க, உங்க காலும் ஜில்லுனு ஆயிரும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "ஆமாங்க சார், நான் ஊட்டிக்கு வந்தப்ப ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்குனேன்" என்றாள். அதைக் கேட்டு நானும் கட்டிலில் கிடந்தபடி சிரித்தேன், நாத்தனாரும் சிரித்தாள். கேட்க வேண்டிய கேள்வியை அவள் சரியாகத்தான் கேட்டாள். அவர் சொன்ன பதிலிலும் பொய் இல்லை. இதே பதிலைக் கீழே, வெயில் காய்கிற மேட்டுப்பாளையத்தில் இருக்கிற ஒருவர் சொல்லியிருந்தால் உடனே ஆம்புலன்ஸ் வந்திருக்கும். நீலகிரிக்காரர் சொன்னதால் எல்லோரும் சிரித்தோம்.

மழை விட்டு ஒரு காலையில் வெயில் வந்தது. வெயில் வந்தால் எங்கள் ஊர் என்ன செய்யும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாள் கணக்கில் மூடியிருந்த மஞ்சு விலகி வாசலில் ஒரு துண்டு வெயில் விழுந்ததும், போட்டது போட்டபடி எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். ரஜாய், தலையணை, ஈரம் காயாத ஜட்டி பனியன் எல்லாம் வேலிமேல் ஏறும். மனிதர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலைப் பார்த்து உட்காருவார்கள். சாக்ஸைக் கழற்றிக் காலை நீட்டி வெயில் காட்டுவார்கள். பட்டப்பகலில் மலையில் வெறுங்காலைப் பார்க்க முடிகிற நேரம் அது ஒன்றுதான்.

என்னையும் வாக்கரோடு வாசலுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்து, எதிரே முக்காலி போட்டுக் கால் இரண்டையும் நீட்டி வைத்தார்கள். நாத்தனார் சாக்ஸையெல்லாம் உருவிக் கொடியில் போட்டுவிட்டு, தலையணை உறைகளை எடுக்க உள்ளே போனாள். என் கணவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்தார். கண்ணை மூடிக்கொண்டு வெயிலை அனுபவித்தேன். கொஞ்ச நேரத்தில் இடது பாதத்தில் குறுகுறுவென்று சூடு ஏறியது. விரல் நுனிகளில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. சுகமாக இருந்தது. வலது பாதத்துக்கும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தேன். இடது பாதம் சிவந்து, நரம்பெல்லாம் தெரிந்து, கிழவியின் கால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. வலது பாதம் உரித்த வாழைத்தண்டுபோல வெளுத்திருந்தது. நரம்பே இல்லை. குதிகால் ஓரத்தில் நீர் கோத்து ஒரு பெரிய கொப்புளம். வெந்நீர்ப் பை சுட்ட கொப்புளம் என்று பார்த்ததுமே தெரிந்தது. சுட்டது எனக்குத் தெரியவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. சுவரில் சாத்தியிருந்த ஊன்றுகோலை எடுத்து அதன் நுனியால் வலது கட்டைவிரலை அழுத்தினேன். கோல் படுவது கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. அறுபத்தைந்து வயது வரை நான் இப்படிப் பயந்ததில்லை.

"ஏனுங்க, இங்க வாங்க" என்றேன்.

என் குரலைக் கேட்டு நாத்தனார்தான் முதலில் ஓடி வந்தாள். பார்த்துவிட்டு, "சாக்ஸு இறுக்கமுங்க அண்ணி, அதான் வெளுத்திருக்குது. சித்தெ நேரம் வெயில்ல இருந்தாச் செரியாயிரும்" என்றாள்.

"வெயில் ரெண்டு கால்லயும்தான் அடிக்குது" என்றேன். "இதுல சூடு ஏறிருச்சு, அதுல ஏறல. குளுருக்கு ரெண்டு காலும் ஜில்லுனு இருக்கோணும். ஒரு காலுக்கு மட்டுமா குளுரும்?"

என் கணவர் பேப்பரை மடித்துக்கொண்டு வந்து நின்றார். "தொட்டுப் பாருங்க" என்றேன். அவர் தங்கையைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி காலைப் புருஷன் தொடுகிற வழக்கமில்லை. கால் வலிக்கிறது என்றால் தைலத்தை எடுத்துக் கையில் கொடுப்பார், அதற்கு மேல் இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் கை என் பாதத்தில் பட்டதில்லை. "அவ வேண்டாம், நீங்க தொடுங்க" என்றேன்.

குனிந்து, புறங்கையை முதலில் இடது பாதத்தில் வைத்தார். பவர் ஹவுஸில் ஓடுகிற மெஷினை அப்படித்தான் பார்ப்பார்களாம். பக்கத்துப் பக்கத்து மெஷினைத் தொட்டுப் பார்த்தால், எதில் கோளாறு என்று கை சொல்லிவிடும் என்பார். பிறகு வலது பாதத்தில் வைத்தார். மறுபடி இடதில், மறுபடி வலதில். அவர் முகம் என் வலது காலின் நிறத்துக்கு வந்தது.

"வெசையாக் கெளம்பு" என்றார். என் முட்டியில் அத்தனை தையல் இருப்பதை மறந்துவிட்டுச் சொன்னார்.

குன்னூர் பஜாருக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரின் கிளினிக் இருக்கிறது. என்னைப் படியேற்றி டாக்சியில் அங்கே கொண்டுபோனார்கள். டாக்டர் வெளியே வந்து, காரில் வைத்தே பார்த்தார். பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து நாடி தேடினார், கணுக்காலுக்குப் பின்னால் தேடினார், முட்டியை லேசாகத் தூக்கி அதன் பின்புறம் தேடினார். இடது காலில் வைத்ததும் உடனே தலையசைத்தார். வலதுக்கு வந்தால் விரல் அலைந்துகொண்டே இருந்தது. என்னிடம் எதையும் மறைக்கவில்லை. "ரத்தம் கீழ போற குழாயில அடைப்பு மாதிரி இருக்குங்கம்மா. வீங்கறது வேற, இது வேற. இனிமேல் சூடு எதுவும் வைக்காதீங்க, தேய்க்காதீங்க, காலை உயரத் தூக்கியும் வைக்காதீங்க. பஞ்சு சுத்தி விடறேன், இப்பவே கோயம்புத்தூர் போங்க" என்றார். ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்து, ஆம்புலன்ஸுக்கும் சொன்னார்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் மரப்பாலத்துக்குப் பக்கத்தில் மண் சரிந்து வழி அடைத்திருந்தது. மழை விட்ட மறுநாள் இதெல்லாம் எங்களுக்குச் சகஜம். ஆம்புலன்ஸ் கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. அரவேணுவைத் தாண்டும்போது நாத்தனார் தன் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தாள். "ஏம்மா, நான் என்ன செத்தா போயிட்டேன்? கால்தான் ஜில்லுனு இருக்குது" என்று அதட்டினேன். அதட்டினால் எனக்குத் தைரியம் வரும். என் கணவர் என் கால்மாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குதிகால் ஸ்ட்ரெச்சரில் இடிக்காதபடி உள்ளங்கையில் தாங்கிப் பிடித்திருந்தார். கீழே போகப் போகக் காற்று சூடாகிக்கொண்டே வந்தது. எல்லோருக்கும் வேர்த்தது. அவர் கையில் இருந்த அந்தப் பாதம் மட்டும் குன்னூரிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்குழாய் டாக்டர் சின்ன வயதுப் பெண், என் மகள் வயது இருக்கும். படத்தை என் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். தொடையிலிருந்து வெள்ளைக் கோடாக இறங்கி வந்த குழாய் முட்டிக்குப் பின்னால் சட்டென்று நின்றுபோயிருந்தது. கீழே நூல் நூலாகச் சில கோடுகள் மட்டும்.

"ஆபரேஷனப்போ இந்தக் குழாயோட உள்சுவர்ல ஒரு சின்ன விரிசல் விழுந்திருக்கணும். அப்ப ரத்தம் போயிட்டுதான் இருந்திருக்கு. அப்புறம் அந்த இடத்துல கொஞ்சம் கொஞ்சமா உறைஞ்சு அடைச்சிருச்சு. ரொம்ப அபூர்வமா வரும், ஆனா வரும்" என்றார். "நீங்க எந்த வழியா வந்தீங்க?"

"கோத்தகிரி வழியா. மெயின் ரோட்டுல மண் சரிஞ்சிருச்சு."

"உங்க ரத்தமும் அப்படித்தான் சுத்து வழியா வந்துட்டு இருக்கு. அதனாலதான் கால் இன்னும் உயிரோட இருக்கு. ஆனா அந்தச் சின்னக் குழாய்ங்க ரொம்ப நேரம் தாங்காது. இன்னும் ஒரு ராத்திரி சாக்ஸுக்குள்ள இருந்திருந்தா நான் வேற மாதிரி பேசிட்டு இருந்திருப்பேன்."

முட்டி டாக்டரும் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. தான் செய்த ஆபரேஷனுக்குப் பிறகு வந்தது, தானும் உள்ளே இருப்பதாக அவராகவே சொன்னார். அதை ஒளிக்காமல் சொன்னதில் அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

பிறகு அந்தப் பெண் டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இடது காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து, அடைத்த இடத்தைத் தாண்டி வலது காலில் பாலம் போலத் தைக்கப் போகிறோம். காலைக் காப்பாற்றத்தான் உள்ளே போகிறோம். ரத்தம் ஓடவில்லை என்றால் முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம். அதற்கும் சேர்த்துச் சம்மதம் வேண்டும்.

பேனாவை என் கணவரிடம் நீட்டினார்கள். அவர் வாங்கினார், பிடித்துக்கொண்டே நின்றார். "இங்க கொண்டாங்க. கால் என்னுது" என்று நானே வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டோர்ஸில் போடுகிற அதே கையெழுத்து, கோணல் இல்லாமல். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது டாக்டரிடம், "பாத்துப் பண்ணுங்க, முட்டி புதுசு" என்றேன். அவர் சிரித்தார். எனக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். மேலே வெளிச்சம் மங்கியது, அதன் பிறகு ஒன்றும் தெரியாது.

விழித்தபோது கழுத்து வரை பச்சைப் போர்வை. தொண்டை வறண்டிருந்தது. முதலில் நினைவுக்கு வந்தது கால்தான். இருக்கிறதா? குனிந்து பார்க்க முடியவில்லை. போர்வையின் கீழ்ப்பக்கம் கூடாரம் மாதிரி ஒரு வளையம் வைத்து உயர்த்தியிருந்ததால் மேடு எது பள்ளம் எது என்றும் தெரியவில்லை. அப்போது வலது பாதத்தில் வலி வந்தது. நெருப்பில் வைத்த மாதிரி விரல் விரலாகச் சுட்டது. கால் இருப்பதால்தானே வலிக்கிறது என்று ஒரு நொடி மனம் குளிர்ந்தது. அடுத்த நொடியே எங்கள் ஃபேக்டரியில் விபத்தில் கால் போன ஒருவர் நினைவுக்கு வந்தார். இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது, இல்லாத குதிகால் குத்துகிறது என்று கேன்டீனில் உட்கார்ந்து சொல்வார். நாங்கள் ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருப்போம். ஆக, வலியை நம்பவும் வழியில்லை.

பக்கத்தில் நின்ற நர்ஸைக் கூப்பிட்டேன். குரல் வரவில்லை. கட்டில் கம்பியை விரல் கணுவால் தட்டினேன். அவள் திரும்பினாள். "போர்வையத் தூக்கு" என்றேன். டாக்டர் வந்து சொல்வார், அசையக் கூடாது என்றாள். "தூக்கு கண்ணு" என்றேன். நான் அதட்டியதாகத்தான் நினைத்தேன், கெஞ்சிக்கொண்டிருந்தேன் என்று பின்னால் அவள் சொல்லித்தான் தெரியும்.

தூக்கினாள். தலையைத் தாங்கி நிமிர்த்திக் காட்டினாள். இரண்டு பாதமும் இருந்தன. வலது பாதம் சிவந்து உப்பிப் போய்ப் பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அதன் மேல்புறம், நாடி கிடைத்த இடத்தில், பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். நான் ஓவென்று அழுதேன். அசையக் கூடாது, தையல் பிரியும் என்று அவள் மிரட்டினாள். நிறுத்த முடியவில்லை. என் கால்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருந்தது எனக்கே தெரியாது. வலியைப் பார்க்க வந்த டாக்டரிடம், உயிர் போகிறது என்று சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ரத்தம் திரும்பி வருகிற வலி, வலிக்கட்டும் என்றார்.

கொப்புளம் ஆறப் பல வாரங்கள் ஆயின. சுண்டுவிரல் நுனி கறுத்து உதிர்ந்தது. இன்றும் பாதத்தின் ஓரம் மரத்துத்தான் இருக்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. படி ஏறுகிறேன், இறங்குகிறேன், பஜாருக்குப் போய் வருகிறேன். பக்கத்து வீட்டம்மாவிடம் வாக்குக் கொடுத்தபடி நடந்து காட்டினேன். அவர் வரிசையில் நிற்கவில்லை, அது அவர் இஷ்டம். முட்டி மாற்றப்போகிற யார் கிடைத்தாலும் விடுவதில்லை. வீக்கம் பார்க்கிறீர்களா, சரி, சாக்ஸைக் கழற்றி இரண்டு பாதத்தையும் தொட்டும் பாருங்கள், ஒன்று சூடாகவும் ஒன்று ஜில்லென்றும் இருந்தால் வெயிலுக்குக் காத்திருக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். இந்தக் கதையை நான் சொல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. வெளுத்த காலைப் பார்த்தது நான், கையெழுத்துப் போட்டது நான், போர்வையைத் தூக்கச் சொன்னது நான். சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் பெருமையாக இருக்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

கடைசியாகச் செக்கப்புக்குப் போனபோது இரண்டு டாக்டர்களும் சேர்ந்து பார்த்தார்கள். நாடி நன்றாக அடிக்கிறது, பாலம் திறந்திருக்கிறது என்றார்கள். வந்த கையோடு கேட்டுவிடலாம் என்று, "அப்ப இந்த இடது முட்டியை எப்பப் பண்றது?" என்று கேட்டேன். முட்டி டாக்டர் திடுக்கிட்டார். பெண் டாக்டர் யோசித்து, முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், தானும் கூட இருந்து கண்காணிக்க வேண்டும், கவனமாகச் செய்தால் செய்யலாம் என்றார். திரும்பிப் பார்த்தேன். என் கணவர் நாற்காலியில் இல்லை.

கேன்டீனில் உட்கார்ந்திருந்தார். எதிரே டீ ஆறி ஆடை படிந்திருந்தது.

"ஏனுங்க, சொல்லாமக்கொள்ளாம எந்திரிச்சு வந்துட்டீங்க? பண்ணலாம்னுதான் சொல்றாங்க. இந்தத் தடவை எல்லாம் தெரிஞ்சுதான் போறோம். என்ன பயம்?" என்றேன்.

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு நீ உள்ள தூங்கிட்டு இருந்த. நாந்தான் வெளிய ஒக்காந்திருந்தேன்."

அந்த ஆபரேஷன் எவ்வளவு நேரம் நடந்தது என்று நான் அவரிடம் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தோன்றியது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாரா, சாப்பிட்டாரா, கால் பிழைத்தது என்று அவரிடம் யார் சொன்னது, ஒன்றும் எனக்குத் தெரியாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயில் பாதியை நான் குடித்தேன்.

"செரி, நீங்க எப்பச் செரின்னு சொல்றீங்களோ அப்பப் பண்ணிக்கலாம்" என்றேன்.

இடது முட்டி படி இறங்கும்போது கடகடக்கிறது. அவர் எனக்கு ஒரு படி முன்னால், பாதி திரும்பினாற்போல், கையை நீட்டிக்கொண்டே இறங்குகிறார். அவர் இன்னும் 'செரி' சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.